நாற்பத்தொன்றாம் மாதம்

"பழசா?" என்றுதான் முதலில் கேட்டார்,
தன் நோயைப் பற்றி அல்ல,
ஈயப் பெட்டகத்துக்குள் கிடக்கும் இரிடியத்தைப் பற்றி.
வந்து எழுபது நாள் என்றேன்.
விங்கோ பார்பரிச் கூரையைப் பார்த்தபடி
மனக்கணக்குப் போட்டார்.
"புதுசில் ஒன்பது நிமிடம் என்றால்
இன்றைக்குப் பதினேழு."
என் கணினி
பதினேழு நிமிடம் இருபது நொடி என்றது.

ரியேக்காவின் கப்பல் கட்டும் துறையில்
முப்பத்திரண்டு வருடம்
இரும்புத் தகடுகளின் பற்றவைப்புகளை
இதே உலோகத்தை வைத்துப் படமெடுத்தவர்.
இரவு ஷிப்டில், ஆட்கள் போன பிறகு,
சுற்றிலும் கயிறு கட்டி, சிவப்பு விளக்கு ஏற்றி,
நெளிகுழாய் வழியே
அந்தக் குருணையை வெளியே தள்ளிவிட்டு
நாற்பது எட்டு ஓடுவாராம்.
"ஆயுசு முழுக்க அதனிடமிருந்து நான் ஓடினேன், நீவெஸ்.
இப்போது நீங்கள் எல்லாரும் ஓடுகிறீர்கள்,
நான் படுத்திருக்கிறேன்."

அதற்கு முந்தின வாரம்
ஒப்புதல் படிவம், பதினோரு பக்கம்.
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி
ஒரு வரி விடாமல் வாசித்தார்.
ஒரே தடவையில் பெரிய அளவா,
இரண்டு தடவையாகப் பிரித்துக் கொடுப்பதா,
எது நல்லது?
தெரியாது என்றேன், தெரிந்துகொள்ளத்தான் இந்த ஆய்வு.
யார் முடிவு செய்வது?
யாருமில்லை. ஒரு நிரல். பூவா தலையா மாதிரி.
கோபப்படுவார் என்று நினைத்தேன்.

"பத்துப் பற்றவைப்பில் ஒன்றைத்தான் படமெடுப்போம்.
மீதி ஒன்பதும் அதை நம்பிக் கடலுக்குப் போகும்.
அந்த ஒன்று எது என்று
ஃபோர்மேனைச் சொல்லவிடக் கூடாது.
விட்டால் அழகாக இருப்பதைக் காட்டுவான்."
என் பேனா எழுதவில்லை. தன் பேனாவை எடுத்தார்.
நிரல் அவரை ஒற்றை அளவில் போட்டது.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்தார்.
ரத்தம் கொடுத்தார், கேள்வித்தாளை நிரப்பினார்.
கடந்த நான்கு வாரங்களில்
இரவில் சிறுநீர் கழிக்க எத்தனை முறை எழுந்தீர்கள்?
"மூன்று. அதில் ஒன்று
புரா காற்றில் ஜன்னல் அடித்துக்கொண்டதால்."
கட்டத்துக்குள் ஓர் எண்தான் போகும்.
மூன்றா இரண்டா என்று
ஸாக்ரெப் அலுவலகத்தோடு மூன்று நாள் கடிதப் போக்குவரத்து.
இரண்டு என்று தீர்ந்தது.

நாற்பத்தொன்றாம் மாதம் மகள் மரியெட்டா அழைத்தாள்.
படகில், வலை இழுத்துக்கொண்டிருக்கும்போது, இதயம்.
நான் முதலில் கேட்டிருக்க வேண்டியது வேறு.
"கடைசி ரத்தப் பரிசோதனை எங்கே எடுத்தார்?" என்று கேட்டேன்.
அவள் தேடி எடுத்து வாசித்தாள்,
பூஜ்யம் புள்ளி இரண்டு.
அவ்வளவு சுத்தம்.

புற்று திரும்பிய ஒவ்வொருவருக்கும்
வரைகோடு ஒரு படி இறங்கும்.
அவருக்காக இறங்கவில்லை.
அதுவரை நன்றாக இருந்தார், அதற்கு மேல் தெரியாது
என்பதற்கு எங்கள் துறையில்
கோட்டின் மேல் சின்னதாக ஒரு செங்குத்துக் கீறல்.
படத்தில் இப்படிக் கீறல் கண்டால் அவர்
வெள்ளை மெழுகுப் பென்சிலால் வட்டமிட்டிருப்பார்.
எது யாருடையது என்று எனக்குத் தெரியக் கூடாது.
தெரியும்.

அவர் விழுந்த பிரிவின் கோடு
மூன்றாம் வருடத்துக்குப் பிறகு
மற்றதைவிடத் தாழ்ந்துகொண்டே போனது.
ஒற்றை அளவு போதவில்லை.
இப்போது இங்கே எல்லாருக்கும் இரண்டு தடவை.

இன்று காலை உள்ளே படுத்திருப்பவர் பேருந்து ஓட்டுநர்.
இன்னொரு நாளும் வர வேண்டும் என்றதும் சலித்துக்கொண்டார்,
மருத்துவமனைப் பக்கம் கார் நிறுத்த இடமே கிடைப்பதில்லையாம்.
செவ்வாய்க்கிழமை வந்த புதுக் குருணை. ஒன்பது நிமிடம்.
கதவு மூடியதும்
எட்டுகளை எண்ணிக்கொண்டே நடந்தேன்.
பதினொன்றிலேயே சுவர் வந்துவிட்டது.